ஸ்லம்டாக் மில்லியனர்: வறுமையை விற்ற படமா, நல்ல காதல் படமா?

கேள்வி இதுதான்: "ஸ்லம்டாக் மில்லியனர் படத்தை இப்போதுதான் பார்த்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. நண்பர்களிடம் சொன்னால், 'அது நம்ம ஊர் ஏழ்மையை வெள்ளைக்காரனுக்கு விற்ற படம், அதனால்தான் எட்டு ஆஸ்கர் கொடுத்தான்' என்கிறார்கள். உண்மையில் அது நல்ல படமா, இல்லையா?"

உங்களுக்குப் பிடித்ததில் தப்பே இல்லை. நண்பர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் படம் வந்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே குற்றச்சாட்டைத்தான் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தப்பான இடத்தில் கை வைப்பது. படத்தில் குறை இருக்கிறது, அது வேறு இடத்தில். அதற்கு வருவதற்கு முன்னால் படம் எதைச் சரியாகச் செய்தது என்று பார்த்துவிடலாம்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. 2008-இல் வந்த படம். இயக்கியவர் பிரிட்டனின் டேனி பாயில், இந்தியாவில் அவருக்கு இணை இயக்குநர் லவ்லீன் டாண்டன், திரைக்கதை சைமன் பியூஃபாய். மும்பைக் குடிசையில் பிறந்து, தாயை இழந்து, வளர்ந்து ஒரு கால் சென்டரில் டீ கொடுக்கும் பையனாக இருக்கிறான் ஜமால் மாலிக். தேவ் படேல் நடித்த பாத்திரம். கோடீஸ்வரன் வகை வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொண்டு 1 கோடி ரூபாய் வரை வந்துவிடுகிறான். அடுத்த கேள்விக்கு 2 கோடி. டாக்டரும் வக்கீலும் வர முடியாத இடத்துக்கு டீக்காரப் பையன் எப்படி வந்தான், கண்டிப்பாகத் திருட்டுத்தனம்தான் என்று போலீஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போய், கட்டித் தொங்கவிட்டு, கரண்ட் வைத்து விசாரிக்கிறது. ஒவ்வொரு விடையும் தனக்கு எப்படித் தெரிந்தது என்று இர்ஃபான் கான் நடித்த இன்ஸ்பெக்டரிடம் அவன் சொல்லச் சொல்ல, அவன் வாழ்க்கை விரிகிறது. அந்த வாழ்க்கை முழுக்க அவன் தேடுவது லத்திகா என்ற ஒரு பெண்ணை.

அந்தக் கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். படத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது.

ராமர் வலது கையில் எதை வைத்திருப்பார்? வில்லும் அம்பும். நம்மில் யாருக்கும் இது கேள்வியே இல்லை. ஆனால் முஸ்லிம் பையனான ஜமாலுக்கு இது தெரிந்தது குடிசைக்குள் கலவரக் கும்பல் புகுந்த அன்று. துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவை அடித்துக் கொல்கிறார்கள். பிள்ளைகள் சந்து சந்தாக ஓடும்போது, ஒரு முனையில் உடம்பெல்லாம் நீலம் பூசி, ராமர் வேஷத்தில், கையில் வில்லோடு ஒரு குழந்தை அசையாமல் நிற்கிறது. இந்த விடை தனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று தினமும் காலையில் எழும்போது நினைப்பதாக இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறான். அடுத்து 'தர்சன் தோ கன்ஷ்யாம்' பாட்டு. பிச்சைக்காரப் பிள்ளைகளை வைத்துப் பிழைப்பு நடத்தும் மாமன் என்பவன் கற்றுக்கொடுத்த பாட்டு அது. நன்றாகப் பாடும் ஒரு பையனின் கண்களைப் பொசுக்கிவிடுகிறான். குருடன் பாடினால் இரண்டு மடங்கு காசு விழும் என்பது அவன் கணக்கு. நூறு டாலர் நோட்டில் யார் படம்? பல வருஷம் கழித்துச் சுரங்கப்பாதையில் பாடிக்கொண்டிருக்கும் அதே குருட்டுப் பையன் கையில் ஜமால் ஒரு நூறு டாலர் நோட்டை வைக்கிறான். நோட்டில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று ஜமால் விவரிக்க, அந்தப் பையன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின் என்று பெயர் சொல்கிறான். ரிவால்வரைக் கண்டுபிடித்தவர் யார்? சாமுவேல் கோல்ட். அந்தப் பெயர் தெரிந்தது, தன்னை வெளியே துரத்திவிட்டு லத்திகாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய சொந்த அண்ணன் சலீமின் கையில் இருந்த துப்பாக்கியால்.

ஆக ஒவ்வொரு விடைக்கும் ஜமால் முன்பே விலை கொடுத்தாயிற்று. நிகழ்ச்சியில் கிடைக்கும் பணம் அதற்குத் தாமதமாக வரும் பாக்கி மாதிரிதான் தெரிகிறது. இதை வசனமாக யாரும் சொல்வதில்லை என்பது திரைக்கதையின் கெட்டிக்காரத்தனம்.

(நடுவில் ஒரு வேடிக்கை. அந்தப் பாட்டை எழுதியவர் சூர்தாஸ் என்று படம் சொல்கிறது. உண்மையில் அது 1957-இல் வந்த 'நர்சி பகத்' என்ற இந்திப் படப் பாட்டு, எழுதியவர் கோபால் சிங் நேபாளி. நியாயமாகப் பார்த்தால் நிகழ்ச்சிக்காரர்கள் தந்த நான்கு விடையுமே தப்பு. இத்தனை பேர் வேலை செய்த படத்தில் யாரும் கவனிக்கவில்லை.)

இன்னொரு பக்கம், தெரியாத கேள்விகள். சிங்கத் தலைகளுக்குக் கீழே தேசியச் சின்னத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜமாலுக்குத் தெரியாது. பார்வையாளர்களைக் கேட்டுத்தான் 'சத்யமேவ ஜெயதே' என்கிறான். என் அஞ்சு வயசுப் பெண்ணுக்குக்கூட இது தெரியுமே என்று இன்ஸ்பெக்டர் நக்கலடிக்கிறார். அதற்கு ஜமால், சௌபாத்தி கடற்கரையில் ஒரு குறிப்பிட்ட கடையில் பானிபூரி என்ன விலை என்று திருப்பிக் கேட்கிறான். கூட இருக்கும் கான்ஸ்டபிள் ஒரு விலை சொல்ல, தீபாவளியிலிருந்து ஏறிவிட்டது என்று திருத்துகிறான். போன வாரம் சாந்தாகுரூஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு போலீஸ்காரரின் சைக்கிளைத் திருடியது யார் என்று கேட்கிறான். உனக்குத் தெரியுமா என்று இவர்கள் நிமிர்ந்து உட்கார, ஜுஹுவில் எல்லோருக்கும் தெரியும், அஞ்சு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்கிறான். எது பொது அறிவு என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற விஷயத்தை ஒரு நிமிஷத்தில் சிரிக்க வைத்துக்கொண்டே சொல்லிவிடுகிற காட்சி. அந்தக் கான்ஸ்டபிளாக வருபவர் சௌரப் சுக்லா. மும்பை தாதாக்களைப் பற்றிய 'சத்யா' படத்தின் திரைக்கதையை அனுராக் காஷ்யப்போடு சேர்ந்து எழுதியவர்.

ஒரு கோடி ரூபாய்க் கேள்வி கிரிக்கெட்டைப் பற்றியது. முதல்தர ஆட்டங்களில் அதிகச் சதம் அடித்தவர் யார்? ஜமாலுக்குத் தெரியாது. இடைவேளையில் கழிவறைக்கு வந்த தொகுப்பாளர் பிரேம் குமார் பாசத்தோடு பேசிவிட்டு, நீராவி படிந்த கண்ணாடியில் 'பி' என்ற எழுத்தை எழுதிவிட்டுப் போகிறார். தானும் குடிசையிலிருந்து வந்தவன்தான் என்று சொல்லிக்கொள்ளும் ஆள். அனில் கபூர் அந்த எண்ணெய்ச் சிரிப்பை அபாரமாகச் செய்திருக்கிறார். ஜமால் ஐம்பதுக்கு ஐம்பது உதவியை எடுக்கிறான். ரிக்கி பாண்டிங், ஜாக் ஹாப்ஸ் என்ற இரண்டு பெயர் மிஞ்சுகின்றன. 'பி' என்பது பாண்டிங். கண்ணாடியில் எழுதியவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு 'டி' என்கிறான். ஹாப்ஸ்தான் சரியான விடை. குடிசையில் வளர்ந்த பையனுக்கு ஹாப்ஸ் யார் என்று தெரிய வாய்ப்பில்லை. ஆனால் குளிர்பானம் கொடுத்து அன்பாகக் கூப்பிடும் பெரிய மனுஷனை நம்பினால் என்ன ஆகும் என்று மாமனிடமே கற்றுக்கொண்டவன் அவன்.

கடைசிக் கேள்விக்கு வருவோம். காதல் படம் என்று இதை நான் ஏன் சொல்கிறேன் என்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும். மூன்று துப்பாக்கி வீரர்கள் ('த்ரீ மஸ்கடியர்ஸ்') கதையில் இரண்டு பேர் ஆத்தோஸ், பார்த்தோஸ். மூன்றாமவர் பெயர் என்ன?

படத்தின் ஆரம்பத்தில், கூட்டம் பிதுங்கும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக ஓடிவரும் அண்ணனையும் தம்பியையும் வாத்தியார் அந்தக் கதைப் புத்தகத்தாலேயே தலையில் தட்டி, வந்துவிட்டார்களா ஆத்தோஸும் பார்த்தோஸும் என்று திட்டுகிறார். அதற்குள் கலவரம் வந்துவிடுகிறது. பாடம் மூன்றாவது பெயர் வரை போகவே இல்லை. அன்று ராத்திரி கொட்டுகிற மழையில் அண்ணன் தம்பி ஒதுங்கியிருக்க, வெளியே ஒரு பெண் குழந்தை நனைந்துகொண்டு நிற்கிறது. வேண்டாம் என்கிறான் சலீம். இவள் நம் மூன்றாவது வீரராக இருக்கட்டுமே என்கிறான் ஜமால். மூன்றாவது ஆளின் பெயரே நமக்குத் தெரியாதே என்கிறான் சலீம். அண்ணன் தூங்கியதும் ஜமால் அவளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறான். அவள்தான் லத்திகா.

இப்போது 2 கோடி ரூபாய்க்கு அதே கேள்வி வருகிறது. ஜமால் சிரித்துவிடுகிறான். நண்பருக்குப் போன் செய்யும் உதவிதான் மிச்சம். அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அண்ணனுடையது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் எடுப்பது லத்திகா. தாதா வீட்டில் அடைபட்டிருந்தவளைச் சலீம் தன் போனையும் காரையும் கொடுத்து அனுப்பிவிட்டிருக்கிறான். மூன்றாவது வீரர் யார் என்று மூன்றாவது வீரரிடமே கேட்கிறான். அவளுக்கும் தெரியாது. அது இருவருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், வெளியே இருக்கிறாள், அவ்வளவுதான். போன் கட்டானதும் சும்மா 'ஏ' என்று சொல்கிறான். ஆராமிஸ். ஏன் அந்த விடை என்று கேட்டால், சும்மாதான் என்கிறான். அவன் நிகழ்ச்சிக்கு வந்ததே காசுக்காக இல்லை, லத்திகா எங்கிருந்தாலும் டிவியில் இதைப் பார்ப்பாள் என்பதற்காக. அவள் குரலைக் கேட்ட நொடியில் அவன் ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் இரண்டு கோடி சினிமாவின் ஆட்டம்.

இந்தக் காதல் கதை மூலநாவலில் கிடையாது. இந்திய வெளியுறவுத் துறை அதிகாரி விகாஸ் ஸ்வரூப் 2005-இல் எழுதிய 'கியூ அண்டு ஏ' நாவலில் நாயகன் பெயர் ராம் முகமது தாமஸ், சலீம் அவனுக்கு அண்ணன் இல்லை, நண்பன். லத்திகா இல்லவே இல்லை. அதில் கேள்விகள் அவன் வயது வரிசைப்படி வருவதும் இல்லை. பியூஃபாய் அதையெல்லாம் கலைத்துப் போட்டு, அண்ணன், தம்பி, ஒரு பெண் என்று மூன்று பேரை வைத்து நேர்கோட்டில் அடுக்கினார். கேள்விகள் அவன் வாழ்ந்த வரிசையிலேயே வருவது அப்பட்டமான தற்செயல்தான். ஆனால் முதல் சட்டகத்திலேயே படம் நம்மிடம் ஒரு கேள்வி போட்டுவிடுகிறது: இவன் எப்படி ஜெயித்தான்? ஏமாற்றினானா, அதிர்ஷ்டமா, மேதையா, இல்லை தலையெழுத்தா? கடைசியில் தலையெழுத்து என்று விடையும் சொல்கிறது. லாஜிக் பார்க்காதே என்று வாசலிலேயே போர்டு மாட்டிய படத்திடம் லாஜிக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

வெள்ளைக்காரன் எடுத்த படம் என்ற பேச்சுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. இது எந்த ஊர்க் கதை என்று கொஞ்சம் யோசியுங்கள். குடிசையில் வளர்ந்த இரண்டு சகோதரர்கள், ஒருவன் நல்லவன், ஒருவன் துப்பாக்கி எடுத்தவன். கடைசியில் கெட்டவன் உயிரைக் கொடுத்துப் பாவத்தைக் கழுவுகிறான். பிரிந்த காதலர்கள் ரயில்வே ஸ்டேஷனில் சேருகிறார்கள். முடிந்ததும் பிளாட்பாரத்தில் குரூப் டான்ஸ். இதே மாதிரி அண்ணன் தம்பிக் கதையான, 1975-இல் வந்த 'தீவார்' படத்தைப் பாயில் பல இடங்களில் புகழ்ந்து பேசியிருக்கிறார். சிறுவர்களைப் போலீஸ் குடிசைச் சந்துகளில் துரத்தும் தொடக்கக் காட்சிக்கு அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே' படத்தில் வரும் நீண்ட துரத்தல்தான் தூண்டுதல் என்பதையும் மறைக்கவில்லை. நம் மசாலாவை வெளியூர்க்காரர் ஒருவர் கற்றுக்கொண்டு, நம்மை விட வேகமாக நறுக்கிப் பரிமாறிய படம் இது. நம் ஆட்களுக்கு அதில் புதுசாக எதுவும் தெரியாமல் போனதும், மேல்நாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்ததும் அதனால்தான்.

சரி, வறுமையை விற்றது என்ற குற்றச்சாட்டு. எல்லோரும் காட்டும் உதாரணம் அந்தக் கழிப்பறைக் காட்சி. அமிதாப் பச்சன் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார். சலீம் வேண்டுமென்றே தம்பியை மரக் கழிப்பறையில் பூட்டிவிட்டான். வெளியே வர ஒரே வழி கீழே இருக்கும் ஓட்டை. ஜமால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறான். தலை முதல் கால் வரை மலத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஆட்டோகிராஃப் வாங்கிவிடுகிறான். (படப்பிடிப்பில் அது நிலக்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் கலந்த குழம்பு.) அசிங்கத்தைக் காட்டிக் காசு பார்த்தார்கள் என்று இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அங்கே தெரிவது அந்தப் பையனின் பிடிவாதம். பிறகு லத்திகாவைத் தேடி நகரமெல்லாம் அலையப்போகும் அதே பிடிவாதம். அந்த ஆட்டோகிராஃபைச் சலீம் அன்றைக்கே விற்றுவிடுகிறான் என்பதில் அண்ணன் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஏழ்மையை வேடிக்கை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களைப் படமே கிண்டல் செய்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. ஆக்ராவில் ஜமால் ஓர் அமெரிக்க ஜோடிக்குக் கைடு. அவர்கள் வேடிக்கை பார்க்கும் நேரத்தில் காரைப் பையன்கள் கழற்றிவிடுகிறார்கள். டிரைவர் ஜமாலைப் போட்டு அடிக்கிறார். உண்மையான இந்தியாவைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, இதோ என்கிறான் அடிபட்ட பையன். அந்தப் பெண், உண்மையான அமெரிக்காவைக் காட்டுகிறேன் என்று சொல்ல, அவன் கைக்கு நூறு டாலர் வருகிறது. குருட்டுப் பையனிடம் போய்ச் சேரும் நோட்டு அதுதான்.

எனக்குள்ள குறை வேறு. மும்பைக் குடிசைப் பகுதி என்றாலே உழைப்புதான். தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடவும் தைக்கவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா இருக்கிறது. நகரத்துப் பிளாஸ்டிக்கைப் பிரித்து உருக்குகிற பட்டறைகள் இருக்கின்றன. படத்தில் இதெல்லாம் கூரைகளாகவும் சந்துகளாகவும் ஓடிப்போகிறது. பிள்ளைகள் பிச்சையெடுக்கிறார்கள், திருடுகிறார்கள், ரயிலில் சாமான் விற்கிறார்கள். வேலை என்று நின்று நிதானமாகக் காட்டுவது அபூர்வம். ஓட்டல் சமையலறையில் குழாய்த் தண்ணீரைக் காலிப் பாட்டிலில் பிடித்து, மூடியில் பசை தடவி, மினரல் வாட்டராக மேஜைக்கு அனுப்புகிறார்களே, அந்தச் சின்னக் காட்சிதான் எனக்கு அசல் மும்பையாகத் தெரிந்தது. அழுக்கைக் காட்டியது தப்பில்லை, உழைப்பை விட்டதுதான் தப்பு என்பேன்.

மீரா நாயரின் 'சலாம் பாம்பே' (1988) படத்தில் இதே ஊரில் இன்னொரு டீக்காரப் பையன் உண்டு. வீட்டுக்குப் போக 500 ரூபாய் சேர்க்கப் பார்க்கிறான், அவ்வளவுதான் கதை. அவனுக்கு எந்த நிகழ்ச்சியும் வந்து கை கொடுப்பதில்லை. இர்ஃபான் கானுக்கு அதுதான் முதல் படம், தெருவில் கடிதம் எழுதிக் கொடுப்பவராகச் சில நிமிஷம் வருவார். அங்கே அந்தப் பையனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், இருபது வருஷம் கழித்து இங்கே இன்னொரு பையனின் கதையைக் கேட்டு நம்புகிறார்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. லத்திகாவுக்குப் படத்தில் வேலையே இல்லை. சின்ன வயதில் சூட்டிகையாக இருக்கும் பெண், வளர்ந்து ஃப்ரீடா பின்டோவாக வந்ததும் காத்திருக்கிற, கடத்தப்படுகிற, மீட்கப்படுகிற பொருளாகிவிடுகிறாள். மாமன் வைத்திருந்தான், சலீம் எடுத்துக்கொண்டான், ஜாவேத் என்ற தாதா அடைத்துவைத்தான். அவளாகச் செய்யும் காரியம் என்று பார்த்தால், தினமும் ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் காத்திருப்பேன் என்று ஜமால் சொன்னதை நம்பி ஒரு நாள் ஓடிவருவது. அப்போதும் சலீமின் ஆட்கள் பிடித்துக் கன்னத்தைக் கத்தியால் கீறி இழுத்துப் போகிறார்கள். இத்தனை பட்டவள் என்ன நினைத்தாள் என்று படம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். மகிழ்ச்சியான முடிவு என்னைத் தொட்டது நிஜம். ஜமால் அந்தத் தழும்பில் முத்தம் கொடுக்கும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அது ஜமாலின் காதல் கதை, அவளுடையது பாதிதான்.

படமாக்கிய விதத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேன்டில் எஸ்ஐ-2கே என்ற சின்ன டிஜிட்டல் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, பதிவு செய்யும் கருவியை முதுகுப்பையில் மாட்டிக்கொண்டு சந்துகளில் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடினார். பெரிய ஃபிலிம் கேமராவோடு போயிருந்தால் தெருவே கூடியிருக்கும். பெரும்பகுதி டிஜிட்டலில் எடுத்த படம் ஒன்று ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கியது அதுதான் முதல் முறை. சின்னப் பிள்ளைகளை இந்தியிலேயே பேச விடலாம் என்பது லவ்லீன் டாண்டனின் யோசனை. அதனால் படத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தி. அந்தப் பகுதிக்கு உயிர் இருப்பதும், வளர்ந்தபின் எல்லோரும் திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவுவது உறுத்துவதும் இதனால்தான்.

ஏ.ஆர். ரகுமான் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். 'இது ரகுமானின் பெஸ்ட்டே இல்லை, ரோஜாவுக்கே கொடுத்திருக்க வேண்டும்' என்ற புலம்பலை எல்லோரும் கேட்டிருப்போம். பாட்டுகளை வைத்துப் பார்த்தால் உண்மைதான். பின்னணி இசையாக எடுத்துக்கொண்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோகத்தை இசையில் பிழிய வேண்டாம், செல்லோவையே கொண்டுவராதீர்கள் என்று பாயில் கேட்டுக்கொண்டதாக ரகுமான் சொல்லியிருக்கிறார். அழவேண்டிய இடத்தில் இசை ஓடுகிறது. பிள்ளைகள் ஓடும் தொடக்கத்தில் வரும் 'ஓ சாயா'வில் ரகுமானோடு சேர்ந்து பாடியவர் மாயா, அதாவது மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த ஈழத்துப் பெண். 'லிக்விட் டான்ஸ்' என்ற துண்டில் பாலக்காடு ஸ்ரீராமும் மதுமிதாவும் பாடுகிறார்கள். 'ஜெய் ஹோ'வில் வரும் ஸ்பானிய வரிகள் சென்னைப் பாடகி தன்வி ஷாவுடையவை, அதற்காகக் குல்ஸார், ரகுமானோடு அவருக்கும் கிராமி கிடைத்தது. 2009 பிப்ரவரி 22 அன்று இரண்டு ஆஸ்கரைக் கையில் வைத்துக்கொண்டு ரகுமான் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். அதே மேடையில் பாயில், கடைசி டான்ஸை அமைத்த லாஞ்சினஸ் பெர்னாண்டஸின் பெயரைப் படத்தில் போட மறந்துவிட்டோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

ஏழ்மையைக் காட்டியதால் ஆஸ்கர் என்பதற்கு வருகிறேன். அது அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் 'சலாம் பாம்பே' பரிந்துரையோடு நின்றிருக்காது. இந்தப் படமே தியேட்டருக்கு வராமல் போயிருக்கும். அமெரிக்க உரிமை வைத்திருந்த வார்னர் இண்டிபென்டன்ட் நிறுவனம் மூடப்பட்டு, படம் நேரே டிவிடிக்குப் போகும் நிலையில் இருந்தது. ஃபாக்ஸ் சர்ச்லைட் கை கொடுத்தது. டொரண்டோ விழாவில் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் பரிசை வாங்கியது. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 37 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பத்துப் பரிந்துரையில் எட்டு ஆஸ்கர். நேரமும் கூடிவந்தது என்பேன். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, ஜனங்கள் வேலை போய் உட்கார்ந்திருந்தார்கள். நவம்பர் 12 அன்று அங்கே இந்தப் படம் வெளியானது. இல்லாதவன் ஜெயிக்கிற கதைக்கு அதைவிட ஏற்ற மாதம் கிடைத்திருக்காது. இரண்டு வாரம் கழித்து நவம்பர் 26 அன்று மும்பை தாக்கப்பட்டது. ஜமாலும் லத்திகாவும் சேர்ந்து ஆடிய அதே சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடைசி டான்ஸை யாராலும் பழையபடி பார்த்திருக்க முடியாது.

இந்தியாவில் 2009 ஜனவரி 23 அன்றுதான் வந்தது. தலைப்பைக் கண்டித்துப் பாட்னாவில் போராட்டம் நடந்தது. குட்டி சலீமும் குட்டி லத்திகாவுமாக நடித்த குழந்தைகள் நிஜமாகவே பாந்த்ரா கிழக்குக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள். ஆஸ்கர் மேடை வரை போய்வந்தார்கள். அதே வருஷம் மே மாதம் அவர்கள் குடும்பங்களின் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகள் இடித்தார்கள். படத் தயாரிப்பாளர்கள் 'ஜெய் ஹோ' என்ற பெயரில் அறக்கட்டளை வைத்துப் படிப்புக்கும் வீட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். செய்தது போதுமா என்ற சண்டை அப்போது பத்திரிகைகளில் ரொம்ப நாள் ஓடியது. படத்தை நோக்கி நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்விகளில் அதையும் சேர்ப்பேன்.

உங்கள் நண்பர்களோடு வாதம் செய்ய வேண்டாம். 'ஸ்லம்டாக் கரோட்பதி' என்று வந்த இந்தி வடிவம் கிடைத்தால் அவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். அனில் கபூரும் இர்ஃபானும் சொந்தக் குரலிலேயே பேசியிருக்கிறார்கள். நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவும் உறுத்தல் கிடையாது. வெளிநாட்டுப் படம் என்ற நினைப்பே போய், எண்பதுகளின் மசாலாப் படம் ஒன்றை வேகமாக ஓட்டிப் பார்ப்பது போல் இருக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் பார்க்காதீர்கள், அந்தக் கண்ணைப் பொசுக்கும் காட்சி அவர்களுக்கு வேண்டாம். மறுநாளே 'சலாம் பாம்பே'யையும் பார்த்துவிடுங்கள். எந்த டீக்காரப் பையனை உங்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.